நின்னுபோன செல்லு பக்கத்து செல்லையும் நிறுத்துது

நான் சொல்றது உடம்புல இருக்கற செல்லு, அதாவது உயிரணு. வயசான செல்லு செத்துப்போகாது. இதை யார்கிட்ட சொன்னாலும் முதல்ல நம்ப மாட்டேங்கறாங்க. சாப்பிடும், சர்க்கரையை எரிக்கும், மாசக்கணக்கா உசுரோட இருக்கும், ஆனா ரெண்டா பிரியறதை மட்டும் நிறுத்திடும். எவ்வளவு ஊட்டம் குடுத்தாலும், வளர்ச்சிக்கான புரதத்தை எவ்வளவு ஊத்தினாலும் திரும்ப ஆரம்பிக்காது. சரி, வயசாயிடுச்சு, நின்னுடுச்சுன்னு விட்டுடலாம்னு பார்த்தா அதுவும் முடியாது, ஏன்னா சுத்தி இருக்கற நல்ல செல்லையும் அது நிறுத்தி வைக்குது. எனக்கு இந்த ரெண்டாவது விஷயம்தான் ரொம்ப முக்கியமா படுது. முதுமையைப் பத்தி நாம பேசறப்போ எல்லாம் தேய்மானம், தேய்மானம்னே பேசறோம், ஆனா உள்ள நடக்கறது வெறும் தேய்மானம் கிடையாது, உடம்பு வேணும்னே செய்யற ஒரு காரியம், அதோட பின்விளைவுதான் நமக்கு முதுமையா வந்து நிக்குது.

நான் கடலூர், மஞ்சக்குப்பம். வேலை பாண்டியில ஒரு லேப்ல, செல் கல்ச்சர், அதாவது செல்லை உடம்புக்கு வெளிய வெச்சு வளர்க்கறது. தினமும் பஸ்ல தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டிப் போய் இறங்கி, கோட்டு மாட்டி, கிருமி அண்டாத ஹூடு பெட்டிக்குள்ள ஸ்பிரிட் அடிச்சுத் தொடச்சு உக்காந்தா பாதி நாள் ஃப்ளாஸ்க்கும் பிப்பெட்டும்தான். எங்ககிட்ட வர்றது பெரும்பாலும் தோல் ஃபைப்ரோபிளாஸ்ட், தோலுக்கு உறுதி குடுக்கற நாரை உண்டாக்கற செல்லு. ஆபரேஷன்ல வெட்டி எடுக்கற தோலுல மிச்சம் மீதி இருக்கறதை, சம்பந்தப்பட்டவங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டுக் குடுப்பாங்க. அதைப் பொடியா நறுக்கி ஃப்ளாஸ்க்ல போட்டு, ரோஸ் கலர் மீடியம், அதாவது ஊட்டக் கரைசல் ஊத்தி, 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடுல இன்குபேட்டர்ல வெச்சா துண்டுக்கு ஓரத்துல இருந்து செல்லு மெதுவா வெளிய நகர்ந்து வரும். ஃப்ளாஸ்க் நிறைஞ்சதும் டிரிப்சின்ங்கற என்சைமை ஊத்திப் பிரிச்சுப் புது ஃப்ளாஸ்க்குக்கு மாத்தி, மேல மார்க்கர்ல பாசேஜ் நம்பர், அதாவது இது எத்தனையாவது மாத்தல்னு எழுதுவோம்.

பாசேஜ் 4, 5ல இருக்கற செல்லை மைக்ராஸ்கோப்ல பாக்கறது அவ்ளோ நல்லா இருக்கும். மெலிசா, நீட்டா, ரெண்டு முனையும் கூரா, ஒண்ணுக்கொண்ணு ஒட்டி ஒரே பக்கமா சாஞ்சு சுழிசுழியா வளரும். ரெண்டு மூணு நாள்ல மீடியம் மஞ்சளா மாறிடும், அவ்வளவு வேகம். பாசேஜ் ஏற ஏற அந்த வேகம் குறையும், வாரக்கணக்கா காத்திருந்தாலும் ஃப்ளாஸ்க் நிறையாது, அப்புறம் ஒரு கட்டத்துல பார்த்தா ஒவ்வொரு செல்லும் தோசைக்கல்லுல மாவு பரத்தின மாதிரி அகலமா, தட்டையா, ஓரம் எங்க முடியுதுன்னே தெரியாத அளவுக்குப் பரந்து கிடக்கும். உள்ள சின்னச் சின்னக் குமிழி, புள்ளி புள்ளியா என்னென்னமோ. சிலதுல ரெண்டு நியூக்ளியஸ், அதாவது டி.என்.ஏ இருக்கற உட்கரு, கூட இருக்கும்.

நிஜமாவே நின்னுடுச்சா இல்ல ஊட்டம் பத்தாம சும்மா கிடக்கான்னு பாக்க ஒரு சாய டெஸ்ட் உண்டு, 1995-ல அமெரிக்காவுல ஜூடித் கேம்பிசியோட குழு சொன்னது. வயசான செல்லுக்குள்ள லைசோசோம்ங்கற கழிவைச் செரிக்கற பை பெருத்துப்போய் பீட்டா கேலக்டோசிடேஸ்ங்கற என்சைம் அளவுக்கு மேல சேர்ந்திருக்கும், அதனால மத்த செல்லுல அது பெருசா வேலை செய்யாத பி.எச் 6-ங்கற அமில அளவுலயும் இங்க செய்யும். செல்லைக் கழுவி, ஃபிக்ஸ் பண்ணி, அந்த என்சைம் பட்டா நீலமாகற சாயக் கரைசலை ஊத்தி ராத்திரி முழுக்க வைக்கணும், அதுவும் கார்பன் டை ஆக்சைடு இல்லாத இன்குபேட்டர்ல, இல்லேன்னா பி.எச் மாறி டெஸ்ட்டே கெட்டுடும். காலைல எடுத்துப் பார்த்தா நியூக்ளியஸைச் சுத்தி நீலம் கட்டி நிக்கும். பக்கத்துல இளசா இருக்கற செல்லுல ஒண்ணும் இருக்காது. ஒரே ஃப்ளாஸ்க், ஒரே மனுஷனோட தோல், ஒரே மீடியம், ஆனா இது நீலம், அது இல்ல. வேலைக்குச் சேர்ந்த புதுசுல முதல் தடவை பார்த்தப்போ லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவே மனசு வரல.

இதுல பழைய கதை ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லியே ஆகணும். 1912-ல நியூயார்க்ல அலெக்சிஸ் கேரல்ங்கற டாக்டர், அந்த வருஷமே நோபல் வாங்கினவரு, கோழிக்குஞ்சு கருவோட இதயத்துல இருந்து செல்லு எடுத்து வளர்க்க ஆரம்பிச்சாரு. அவரு செத்த பிறகும் 1946 வரைக்கும் அந்த கல்ச்சர் ஓடிச்சு. அதனால செல்லுக்குச் சாவே கிடையாது, சரியா கவனிச்சா எவ்வளவு காலம் வேணும்னாலும் பிரிஞ்சுக்கிட்டே இருக்கும், வயசாகறது முழு உடம்புக்குத்தான், தனி செல்லுக்கு இல்லன்னு உலகமே நம்பிடுச்சு. மத்தவங்க லேப்ல செல்லு நின்னுபோச்சுன்னா உங்க மீடியம் சரியில்ல, உங்க கை சரியில்லன்னு சொல்லிடுவாங்க. நாற்பது அம்பது வருஷம் இப்படியே போச்சு.

ஃபிலடெல்ஃபியா விஸ்டார் இன்ஸ்டிட்யூட்ல லெனார்ட் ஹேஃப்ளிக்னு ஒருத்தர், மனுஷ கருவோட செல்லை வளர்த்துக்கிட்டு இருந்தப்போ அதே பிரச்சனை அவருக்கும் வந்துச்சு. அவரு மீடியத்தைக் குறை சொல்லிட்டுப் போகல. பால் மூர்ஹெட்ங்கற குரோமோசோம் ஆராய்ச்சியாளரைச் சேர்த்துக்கிட்டு ஒரு சோதனை பண்ணாரு, நான் படிச்ச சோதனைலயே இவ்வளவு எளிமையா, இவ்வளவு உறுதியா வேற எதுவும் இல்லன்னு சொல்வேன். ஆண் கருவுல இருந்து எடுத்த, பல தடவை பிரிஞ்சு வயசான செல்லு. பெண் கருவுல இருந்து எடுத்த, கொஞ்ச தடவையே பிரிஞ்ச இளம் செல்லு. ரெண்டையும் ஒரே பாட்டில்ல கலந்து வளர்த்தாரு. மீடியமோ கைப்பழக்கமோ ஏதாவது கிருமியோ காரணம்னா ரெண்டும் சேர்ந்துதானே நிக்கணும்? கொஞ்ச நாள் கழிச்சு குரோமோசோமைப் பார்த்தா பாட்டில்ல பெண் செல்லு மட்டும்தான் இருந்துச்சு, தனியா வெச்சிருந்த ஆண் செல்லும் அதே சமயத்துல நின்னுபோயிருந்துச்சு. கணக்கு செல்லுக்கு உள்ள இருக்கு, வெளிய இல்ல. 40ல இருந்து 60 தடவை, அதுக்கு மேல பிரியாது. 1961-ல வெளிவந்த கட்டுரை இது, அதுக்கு முன்னாடி ஒரு பெரிய ஜர்னல் வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

இன்னொண்ணு. அவரு 1962-ல உருவாக்கின டபிள்யூ.ஐ-38ங்கற செல்லை லிக்விட் நைட்ரஜன்ல உறைய வெச்சு வருஷக்கணக்கா கழிச்சு எடுத்தாலும், இருபது தடவை பிரிஞ்சப்போ உறைய வெச்சிருந்தா மிச்சம் முப்பது சொச்சம் தடவை பிரிஞ்சு நின்னுடும். எத்தனை தடவை பிரிஞ்சோம்ங்கறது அதுக்கு மறக்கல. ருபெல்லா தடுப்பூசி உருவானதே இந்த செல்லுலதான். ஹேஃப்ளிக் 2024 ஆகஸ்ட்ல 96 வயசுல காலமானாரு, எங்க லேப்ல அன்னிக்கு டீ டைம் முழுக்க அவரு பேச்சுதான்.

கணக்கு எங்க எழுதியிருக்குன்னு கேட்டா டெலோமியர்னு இப்ப ஸ்கூல் பசங்களே சொல்லுவாங்க, அதனால சுருக்கமா சொல்லிடறேன். குரோமோசோம் நுனியில ஒரே எழுத்துக்கோர்வை திரும்பத் திரும்ப வரும், டி.என்.ஏ-வைக் காப்பி எடுக்கற இயந்திரத்தால கடைசி நுனியை முழுசா எடுக்க முடியாது, ஒவ்வொரு பிரிவுக்கும் கொஞ்சம் குறையும். இதை முதல்ல யோசிச்சவங்கள்ல ஒருத்தர் ரஷ்யாக்காரர் அலெக்ஸி ஓலோவ்னிகோவ், மாஸ்கோ மெட்ரோ ஸ்டேஷன்ல நிக்கறப்போ தோணிச்சுன்னு சொல்லியிருக்காரு, 1971-ல எழுதிட்டாரு. அந்த நுனியைத் திரும்ப நீட்டற டெலோமரேஸைக் கண்டுபிடிச்சதுக்கும் அது சம்பந்தமான வேலைக்கும் எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் சோஸ்டக் மூணு பேருக்கும் 2009-ல நோபல். நுனி ரொம்பக் குட்டையானா செல்லு அதை உடைஞ்ச டி.என்.ஏ-ன்னு எடுத்துக்கிட்டு நின்னுடும். ஆனா நுனி குறையறது மட்டும்தான் காரணம்னு நினைச்சுக்காதீங்க. வெயில், கதிர்வீச்சு, கீமோ மருந்து, புற்றுநோய்க்கான ஜீன் திடீர்னு முறுக்கிக்கிறது, இதுல எது நடந்தாலும் செல்லு இதே நிலைக்குப் போகும், பிரிவு எண்ணிக்கை மிச்சம் இருந்தாலும் சரி.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன்.

நின்னுபோன செல்லுக்கிட்ட எது இல்ல? இதுதான் எல்லாரும் கேட்ட கேள்வி. ஏதோ ஒண்ணு தீர்ந்துபோச்சு, அதனால பிரிய முடியல, அப்படித்தானே யாருக்கும் தோணும். 1974-ல சியாட்டில்ல ஜார்ஜ் மார்ட்டின் குழுவுல நார்வுட்ங்கறவரும் மத்தவங்களும் இதைச் சோதிச்சாங்க. வயசான செல்லையும் இளம் செல்லையும் ஒட்ட வெச்சு, ரெண்டு நியூக்ளியஸும் ஒரே செல்லுக்குள்ள இருக்கற மாதிரி பண்ணாங்க. வயசானதுக்கு ஏதோ இல்லாமத்தான் நின்னுச்சுன்னா, இளசுகிட்ட இருக்கறது அதுக்கும் கிடைச்சு வயசான நியூக்ளியஸ் திரும்ப டி.என்.ஏ உண்டாக்க ஆரம்பிக்கணும். நடந்தது நேர்மாறு. நல்லா ஓடிக்கிட்டு இருந்த இளம் நியூக்ளியஸ் நின்னுபோச்சு!

இதைப் படிச்சுட்டு நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். அப்படின்னா வயசான செல்லுக்கிட்ட குறை இல்ல, அதுக்கிட்ட ஏதோ ஒண்ணு கூடுதலா இருக்கு, அது பிரியறதை அடக்குது, பக்கத்துல எது இருந்தாலும் அதையும் சேர்த்து அடக்குது. ஹூஸ்டன்ல ஒலிவியா பெரேரா-ஸ்மித், ஜேம்ஸ் ஸ்மித் ரெண்டு பேரும் இதை இன்னும் தூரம் கொண்டு போனாங்க. சாவே இல்லாம பெருகற புற்றுநோய் செல்லோட சாதாரண செல்லை ஒட்ட வெச்சா கூட, பிறக்கற கலப்பு செல்லு கொஞ்ச காலம் பிரிஞ்சுட்டு நின்னுடுது. நிக்கறதுதான் ஜெயிக்குது. 1986-ல அவங்க லேப்ல வயசான செல்லுல இருந்து ஆர்.என்.ஏ-வை, அதாவது புரதம் செய்ய ஜீன்ல இருந்து எடுக்கற நகலை மட்டும் பிரிச்செடுத்து இளம் செல்லுக்குள்ள ஊசியால செலுத்தினாங்க, அதுக்கே இளம் செல்லு டி.என்.ஏ உண்டாக்கறதை நிறுத்திடுச்சு. அந்த ஆர்.என்.ஏ கூட்டத்துல எதுதான் அந்த வேலையைச் செய்யுதுன்னு சல்லடை போட்டுத் தேடி ஒரு ஜீனைப் பிடிச்சாங்க. அதே நேரத்துல, 1993 வாக்குல, புற்றுநோய் ஆராய்ச்சி பண்றவங்க பி53-ங்கற புரதம் எதை ஏவி விட்டு செல்லை நிறுத்துதுன்னு தேடிக்கிட்டு இருந்தாங்க, இன்னொரு கூட்டம் செல் பிரிவை ஓட்டற சி.டி.கே என்சைமோட எது போய் ஒட்டிக்குதுன்னு தேடிக்கிட்டு இருந்தாங்க. மூணு பக்கமா தேடினவங்களும் கடைசில வந்து சேர்ந்தது ஒரே புரதத்துக்கிட்ட. இன்னிக்கு அதை பி21-ன்னு சொல்றோம்.

டி.என்.ஏ உடைஞ்சா பி53 விழிச்சுக்கும், அது பி21-ஐ உண்டாக்கச் சொல்லும், பி21 போய் சி.டி.கே-வைக் கட்டிப்போட்டுடும். கொஞ்ச நாள் கழிச்சு பி16-னு இன்னொண்ணு வந்து சேரும், அது வந்துட்டா அநேகமா திரும்ப வழி இல்ல. எங்க லேப்ல செல்லு நின்னுடுச்சான்னு உறுதி பண்ண நீலச் சாயத்தோட இந்த ரெண்டு புரதத்தையும் பார்ப்போம்.

ஏன் உடம்பு இப்படி ஒரு ஏற்பாட்டை வெச்சிருக்குன்னா, புற்றுநோய். டி.என்.ஏ கெட்டுப்போன ஒரு செல்லு நிக்காம பிரிஞ்சா அது கட்டி. உங்க கையில மச்சம் இருக்கா, பாருங்க. எந்த இடத்துல மச்சம் இருந்தா என்ன பலன்னு நம்ம பாட்டிமார் சொல்லுவாங்க, உயிரியல் என்ன சொல்லுதுன்னா நிறைய மச்சம் பி.ராஃப்ங்கற ஜீன் கெட்டுப்போன ஒரு நிறமி செல்லுல இருந்து தொடங்குது. அதே கேடுதான் மெலனோமாங்கற தோல் புற்றுநோய்லயும் பாதிக்குப் பாதி இருக்கு. அந்த செல்லு கொஞ்ச காலம் பெருகி, அப்புறம் பி16 ஏறி நின்னுடுது, அப்படியே பல வருஷம் நின்னபடியே இருக்கு. 2005-ல இதைக் காட்டினாங்க. அதாவது நாம உடம்பெல்லாம் சுமக்கற மச்சத்துல முக்கால்வாசி, கட்டியாகாம தடுக்கப்பட்ட இடம். நின்னுபோன செல்லு மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு, அதுக்கு இதுதான் காரணம்.

கெட்டுப்போன செல்லுக்கு நிக்கறது ஒரு வழி, தன்னைத்தானே அழிச்சுக்கறது இன்னொரு வழி. பாண்டி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமியைத் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க, 2022 நவம்பர் 30 காலைல நடந்து போய்க்கிட்டு இருக்கறப்பவே விழுந்து போயிடுச்சு, ஊரே அழுதுச்சு, நானும்தான். அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு செல்லு, கணக்குப்படி யானைக்கு நம்மள விட பல மடங்கு புற்றுநோய் வரணும், ஆனா ரொம்பக் குறைச்சலாத்தான் வருது. 2015-ல சொன்னாங்க, மனுஷனுக்கு பி53 ஜீன் ஒண்ணுன்னா யானைக்கு அதோட பிரதிகள் 20 இருக்கு, டி.என்.ஏ கொஞ்சம் உடைஞ்சாலே யானை செல்லு பெரும்பாலும் தன்னை அழிச்சுக்குது. நம்ம செல்லு அதுக்குப் பதிலா நிறைய நேரம் நின்னு உசுரோட இருக்கறதைத் தேர்ந்தெடுக்குது.

உசுரோட இருக்கறதுதான் பின்னாடி சிக்கல். ரொம்ப காலம் எல்லாரும் நினைச்சது, நின்ன செல்லு ஓரமா அமைதியா இருக்கும்னு. கேம்பிசி குழு 2008-ல அதை மொத்தமா மாத்திட்டாங்க. நின்ன செல்லு வாரக்கணக்கா இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 மாதிரி அழற்சியைக் கிளப்பற புரதங்கள், சுத்தி இருக்கற கொலாஜன்ங்கற நார்ப் புரதத்தைக் கரைக்கற என்சைம்கள், இன்னும் பலதும் வெளிய கொட்டிக்கிட்டே இருக்கு. இந்தக் கொட்டலுக்கு எஸ்.ஏ.எஸ்.பி-ன்னு பேரு வெச்சாங்க. 2012-ல இங்கிலாந்து நியூகாசில்ல, நின்ன செல்லோட இளம் செல்லைச் சேர்த்து வளர்த்தா இளசோட டி.என்.ஏ-வும் சேதமாகுதுன்னு பார்த்தாங்க. அடுத்த வருஷம் லண்டன்ல இன்னொரு குழு, சேர்த்து வளர்க்கக் கூட வேண்டாம், அந்த செல்லு கிடந்த மீடியத்தை எடுத்து ஊத்தினாலே நல்ல செல்லுல பி16, பி21 ஏறி அதுவும் நின்னுடுதுன்னு காட்டினாங்க. 1974-ல ஒரே செல்லுக்குள்ள நடந்தது, வெளிய, தூரத்துல இருந்தே நடக்குது. ஒண்ணு நின்னா பக்கத்துல நாலு நிக்கும், அந்த நாலும் கொட்ட ஆரம்பிக்கும்.

2018-ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ங்கற ஆஸ்பத்திரில நின்ன செல்லை எடுத்து இளம் எலியோட வயித்துக்குள்ள விட்டாங்க. ரொம்பக் கொஞ்சம்தான், உடம்புல இருக்கற மொத்த செல்லோட பார்த்தா பத்தாயிரத்துல ஒண்ணு மாதிரி. அந்த எலி நடை குறைஞ்சுது, பிடி தளர்ந்துது, வெளியில இருந்து வந்த செல்லு இல்லாம எலியோட சொந்தத் திசுலயும் செல்லு நிக்க ஆரம்பிச்சுது. பத்தாயிரத்துல ஒண்ணு! நல்ல எதிர்ப்பு சக்தி இருக்கற வயசுல நோயெதிர்ப்பு செல்லுங்க வந்து நின்ன செல்லைப் பொறுக்கி அழிச்சுடும், அதுக்கும் வயசாகறப்போ பொறுக்கறது குறையுது, மிச்சம் சேருது. அறுபது வயசு வரைக்கும் தெம்பா இருந்தவங்க அப்புறம் சட்டுனு தளர்ந்து போறதுல இதுக்கும் பங்கு உண்டுன்னு நான் நினைக்கறேன்.

இதுலயே மனசைப் போட்டுக் குடையற ஒரு விஷயம், 2001-லயே கேம்பிசி லேப்ல பார்த்தது: நின்ன ஃபைப்ரோபிளாஸ்ட் கொட்டறது, ஏற்கனவே புற்றுநோய் பக்கம் சாய ஆரம்பிச்ச செல்லை நிறுத்தல, வளர்த்து விடுது. நல்ல செல்லு நிக்குது, கெட ஆரம்பிச்ச செல்லு வளருது. புற்றுநோயைத் தடுக்க உண்டான ஏற்பாடு, வயசான காலத்துல அதே நோய்க்கு இடம் பண்ணிக் குடுக்குது. இளம் வயசுல குழந்தை குட்டி பெத்து வளர்க்கற வரைக்கும் உடம்பைக் காப்பாத்தறதுதான் பரிணாமத்துக்குக் கணக்கு, எழுபது வயசுல என்ன ஆகுதுங்கறது அந்தக் கணக்குல வராது. கீமோ எடுத்தவங்க பல மாசம் அசதியா கிடக்கறதுலயும் மருந்தால நின்னுபோன செல்லுக்குப் பங்கு இருக்குன்னு எலியில காட்டியிருக்காங்க. கோரிமேடு ஜிப்மருக்குக் கடலூர், விழுப்புரத்துல இருந்து கீமோவுக்கு வர்றவங்களை நான் பஸ்ல பார்க்கறேன், ஜன்னலோரம் தலையைச் சாய்ச்சுக்கிட்டு வருவாங்க. வெறும் மனச்சோர்வு, சாப்பிடாததுன்னு வீட்டுல சொல்லறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும்.

எங்க சித்தப்பா போன மாசம் ஒரு டப்பா கொண்டு வந்து காட்டினாரு. ஆன்டி ஏஜிங் கேப்ஸ்யூல், செல்லை இளமையாக்கும்னு போட்டிருந்துச்சு, தெரிஞ்சவர் ஒருத்தர் மூலமா நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கியிருக்காரு. “நீதான் செல்லு வேலை பாக்கறியே, இது நல்லதாம்மா?”ன்னு கேட்டாரு. “சித்தப்பா, செல்லை இளமையாக்கறதுன்னு ஒண்ணும் இதுல இல்ல, சாப்பிடாதீங்க”ன்னு சொல்லிட்டு உக்காந்து விவரமா சொன்னேன். நின்ன செல்லை மட்டும் அழிக்கற மருந்துன்னு ஒரு வகை நிஜமாவே ஆராய்ச்சியில இருக்கு, செனோலிட்டிக்னு சொல்லுவாங்க. நின்ன செல்லு சாகாம இருக்க சில புரதத்தை நம்பி இருக்கு, அதைத் தடுத்தா அது மட்டும் செத்துடும். 2015-ல ரத்தப் புற்றுநோய் மருந்தான டாசாட்டினிபையும் வெங்காயத்துல இருக்கற குவெர்செடினையும் சேர்த்து எலிக்குக் குடுத்துப் பார்த்தாங்க. 2018 ஆராய்ச்சியில வயசான எலிக்குக் குடுத்தப்போ அதுக்கப்புறம் வாழ்ந்த காலம் 36 சதவீதம் கூடிச்சு. அதுக்கு முன்னாடியே 2016-ல ஜீன் மாத்தின எலியில பி16 இருக்கற செல்லை அழிச்சு, கிட்டத்தட்ட கால்வாசி ஆயுள் கூட்டிக் காட்டியிருந்தாங்க.

உடனே சித்தப்பா, “அப்போ வெங்காயம் சாப்பிட்டா போதுமே”ன்னாரு. சாம்பார்ல போடற வெங்காயத்துல அந்த அளவு கிடைக்காது. முதல் மனுஷ சோதனை 2019-ல வந்துச்சு, நுரையீரல் தழும்பு நோய் உள்ள 14 பேரு, நடை கொஞ்சம் தேறிச்சு, ஆனா ஒப்பிட்டுப் பார்க்க வெறும் மாத்திரை குடுத்த கூட்டம் இல்ல. 2020-ல முழங்கால் தேய்மானத்துக்கு ஊசியாப் போட்டுப் பார்த்த ஒரு மருந்து, வெறும் ஊசியை விட எந்த விதத்துலயும் வலியைக் குறைக்கல. அதே 2020-ல இன்னொரு எலி ஆராய்ச்சி, ஈரல்ல பி16 ஏறின ரத்தக்குழாய் செல்லை அழிச்சப்போ அந்த இடத்துக்குப் புது செல்லு வரவே இல்ல, தழும்புதான் வந்துச்சு, எலி சீக்கிரம் நோய்ப்பட்டுச்சு. நின்ன செல்லு எல்லாம் வேண்டாத செல்லு கிடையாது. சிலது நின்ன இடத்துல இருந்துக்கிட்டே வேலை பாக்குது. எதை எடுக்கலாம், எதை விடணும்ங்கறது இன்னும் பிரிச்சுப் பார்க்கற நிலைமையில இருக்கறப்போ டப்பாவுல அடைச்சு விக்கறது எனக்குக் கோபம் வருது, அதுவும் பென்ஷன் பணத்துல வாங்கறவங்ககிட்ட.

எங்க பெரியம்மாவுக்கு சுகர். கால் கட்டை விரலுக்குக் கீழ புண்ணு வந்து மாசக்கணக்கா ஆறாம கிடந்துச்சு. கட்டு மாத்தப் போறப்போ நானும் கூடப் போவேன். அந்தப் புண்ணைப் பார்க்கறப்போ எல்லாம் எனக்கு லேப் ஃப்ளாஸ்க்தான் ஞாபகம் வரும். 2014-ல கேம்பிசி லேப்ல பார்த்தது, எலித் தோல்ல புதுசா வெட்டுப் பட்டா சில நாள்லயே அந்த இடத்துல சில செல்லு நின்னுடுது, அது கொட்டற பி.டி.ஜி.எஃப்-ஏ.ஏங்கற புரதம்தான் புண்ணு சீக்கிரம் மூட உதவுது. அந்த செல்லை எடுத்துட்டா ஆறறது தாமதமாகுது, அந்தப் புரதத்தை மட்டும் மேல தடவினா சரியாகுது. வேலை முடிஞ்சதும் அந்த செல்லு போயிடும். சர்க்கரைப் புண்ணுல போகறதில்ல. சேர்ந்துக்கிட்டே இருக்கு. நாள்பட்ட புண்ணுல ஊறற தண்ணியை எடுத்து நல்ல தோல் செல்லு மேல ஊத்தினா அது பெருகறது அடங்கிடுதுன்னு 1993-லயே எழுதியிருக்காங்க, புதுப் புண்ணுல ஊறற தண்ணி அதுக்கு நேர்மாறா பெருக வைக்குது. அதே கால், அதே தோல், புண்ணோட வயசுதான் வேற.

சர்ஜன் காய்ப்பு கட்டின ஓரத்தையெல்லாம் ரத்தம் கசியற வரைக்கும் வெட்டி எடுத்தாரு. பெரியம்மா என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, “ஏ பாப்பா, ஆற வேண்டிய புண்ணைப் போய் இன்னும் பெருசாக்கறாரே, நீ ஒண்ணும் கேக்க மாட்டியா”ன்னு அழுதுச்சு. டிப்ரைட்மென்ட்னு பேரு, செத்த சதையும் கிருமியும் போகறதுக்குன்னு பண்றது, கூடவே ஓரத்துல நின்னுபோய் மத்ததையும் நிறுத்தி வெச்சிருக்கற செல்லும் அதோட போகும், ரத்தம் வந்தா பிளேட்லெட்ங்கற ரத்தத்தட்டு வரும், அது கொண்டு வர்றதுல முன்ன சொன்ன பி.டி.ஜி.எஃப் வகைப் புரதமும் இருக்கு. பழைய புண்ணு புதுப் புண்ணு மாதிரி ஆரம்பிக்கும். “பெரிம்மா, அந்த ஓரத்துல இருக்கறது வளராது, வளர்றதையும் விடாது, அதான் எடுக்கறாரு”ன்னு சொன்னேன். “அதுக்கு மாத்திரை கீத்திரை இல்லியா, கத்தி வெச்சே ஆகணுமா?”

இதுவரைக்கும் இல்ல பெரிம்மா. மருந்து வந்தா முதல்ல உங்களுக்குத்தான் கேட்டு வாங்குவேன், அது வரைக்கும் சுகரைக் கட்டுக்குள்ள வெச்சு, அந்தக் காலை கீழ ஊனாம, வீட்டுக்குள்ளயும் எம்.சி.ஆர்ங்கற மெத்து ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டு இருங்கன்னு சொல்லியிருக்கேன். ஓரத்துல சிவப்பா புதுச் சதை தெரியுது, அடுத்த கட்டு வெள்ளிக்கிழமை.